வாத்தியார் வளர்த்த அணி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

உலகக் கால்பந்து வரலாற்றை எழுதப் புகுவோர் மார்க்கு கானெர்வா என்னும் பெயருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவார்களா என்பது ஐயமே. பெலே என்றாலும் மரடோனா என்றாலும், பந்தைக் காலால் தொட்டறியாதவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். கானெர்வா என்றால், நாள்தோறும் மாலையில் மைதானத்தில் புழுதி கிளப்பும் நம் நண்பர்களே "யாரப்பா அது?" என்று கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

அவர் பின்லாந்து நாட்டவர். ஆடிய நாளில் தற்காப்பு ஆட்டக்காரர். படிப்பால் பள்ளி ஆசிரியர். பின்னர் தம் நாட்டு ஆடவர் அணியின் பயிற்சியாளராகி, அந்நாடு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டித் தட்டித் திறவாத ஒரு கதவை 2019 ஆம் ஆண்டில் திறந்தவர்.

அவர் வாழ்க்கையைப் படித்தபோது எனக்குள் ஒரு கருத்து உறுதிப்பட்டது. பேராற்றல் படைத்த ஒருவன் பிறக்கட்டும் என்று காத்திருக்கும் கூட்டத்தைவிட, நடுத்தர ஆற்றல் உள்ள பலருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கும் கூட்டமே முன்னேறும். ஆகவே கற்பிக்கும் தொழிலை, 'வேறு ஒன்றும் கிடைக்காதவன் போய்ச் சேரும் இடம்' என்று நினைக்கும் நம் மனப்போக்கை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். இதை வெறும் உபதேசமாகச் சொல்ல எனக்கு வயதில்லை. நடந்த நிகழ்ச்சிகளை வைத்தே சொல்கிறேன்.

பனி நாட்டின் நெடுங்காத்திருப்பு

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள பின்லாந்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 55 இலட்சம். ஆண்டில் பல மாதங்கள் தரை பனியால் மூடிக் கிடக்கும். அந்நாட்டின் தலைமைக் கால்பந்துப் போட்டிகள் வசந்தத்தில் தொடங்கி, இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். அங்கே மக்களின் முதற்காதல் பனி ஹாக்கிக்குத்தான். 1995, 2011, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் பனி ஹாக்கியில் உலகப் பட்டம் வென்ற நாடு அது. ஓட்டப் பந்தயத்தில் பாவோ நூர்மி என்னும் மாவீரர் ஒன்பது ஒலிம்பிக் தங்கங்களைக் குவித்த நாடும் அதுவே.

ஆனால் கால்பந்தில்? 1907 ஆம் ஆண்டிலேயே அங்குக் கால்பந்துச் சங்கம் தோன்றிவிட்டது. 1912 இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் கிட்டியது. நல்ல தொடக்கந்தான். அதன்பின் 1937 இல் முதன்முறையாக உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆடினார்கள், தோற்றார்கள். மீண்டும் ஆடினார்கள், மீண்டும் தோற்றார்கள். உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை ஆகிய இரண்டின் இறுதிப் போட்டிகளும் ஆடவர் அணிக்கு எட்டாக் கனியாகவே இருந்தன. அந்நாட்டு மகளிர் அணி 2005 இல் ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதி வரை சென்றது. ஆடவர்கள் அப்போதும் வாசலிலேயே நின்றார்கள்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற் போன கதைகளும் உண்டு. 1997 அக்டோபரில் ஹெல்சிங்கி நகரில் ஹங்கேரியுடன் ஆட்டம். ஆட்ட நேரம் முடிந்துவிட்டது. பின்லாந்து ஒரு கோல் முன்னணியில் இருக்கிறது. இன்னும் சில நொடிகள் தாக்குப் பிடித்தால் அடுத்த சுற்று. அந்நேரத்தில் தம் கோலருகே நடந்த குழப்பத்தில் பந்து தம்மவர் மீதே பட்டுத் தம் வலைக்குள்ளேயே உருண்டது. ஆட்டம் சமன், கனவு கலைந்தது. 2007 நவம்பரில், ராய் ஹாட்ஜ்சன் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளரின் கீழ், போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில் வென்றாக வேண்டிய ஆட்டம். கோலின்றி முடிந்தது.

இவ்விடத்தில் நாம் கருத வேண்டிய ஒன்று உண்டு. அக்காலத்துப் பின்லாந்து அணியில் ஆற்றலாளர்கள் இல்லாமற் போகவில்லை. 1995 இல் அயாக்ஸ் சங்கத்தோடு ஐரோப்பாவின் மிக உயர்ந்த சங்கக் கோப்பையை வென்ற யாரி லிட்மனென் இருந்தார். 2005 இல் லிவர்பூல் சங்கத்தோடு அதே கோப்பையை வென்ற சாமி ஹூப்பியா இருந்தார். பெரிய சங்கங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கிய மாமணிகள் இவர்கள். இத்தனை மணிகள் இருந்தும் மாலை ஒன்று கோக்கப்படவில்லை. இவர்களைப் போன்ற மணிகள் மிகவும் அருகிவிட்ட காலத்தில்தான் மாலை கோக்கப்பட்டது. ஏன்? இதுவே என்னைச் சிந்திக்க வைத்த கேள்வி.

பின்வரிசை மனிதர்

மார்க்கு கானெர்வா 1964 மே 24 அன்று ஹெல்சிங்கியில் பிறந்தவர். அந்நகரின் எச்.ஜே.கே. என்னும் புகழ் பெற்ற சங்கத்தில் ஆடி நாட்டுப் பட்டங்களை வென்றவர். நாட்டு அணிக்காக 59 ஆட்டங்கள் ஆடியவர். சிறிது காலம் ஸ்வீடனிலும் ஆடினார். லிட்மனெனோடு சேர்ந்து ஒரே சீருடை அணிந்தவர் என்றாலும், லிட்மனெனுக்குக் கிடைத்த உலகப் புகழில் நூறில் ஒரு பங்குகூட அவருக்குக் கிட்டவில்லை.

தற்காப்பு ஆட்டக்காரரின் நிலை அப்படித்தான். முன்வரிசைக்காரன் பத்து வாய்ப்பில் ஒன்பதைத் தவறவிட்டு ஒன்றைக் கோலாக்கினாலும் தோளில் தூக்குவார்கள். பின்வரிசைக்காரன் ஒன்பதைத் தடுத்து ஒன்றைத் தவறவிட்டால் அந்த ஒன்றுக்காக ஏசுவார்கள். ஆனால் பின்னால் நிற்பவனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. முழு ஆட்டமும் அவன் கண் முன்னே விரிந்து கிடக்கும். யார் எங்கே நிற்கிறார், எந்த இடம் காலியாகக் கிடக்கிறது, எவன் களைத்துப் போனான் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். வகுப்பின் முன்னே நிற்கும் ஆசிரியருக்கும் இந்தப் பார்வை வாய்த்திருப்பதை நாம் அறிவோம். கடைசி வரிசையில் நாம் செய்யும் குறும்பு அவருக்கு எப்படித் தெரிகிறது என்று வியக்காதவர் யார்?

கானெர்வா முறையாக ஆசிரியப் படிப்புப் படித்தவர். தொடக்கப் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் நடத்தியவர். பின்லாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்றால் எளிதாக எண்ணிவிட வேண்டாம். 1970களின் பிற்பகுதியிலிருந்து அங்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியராவதற்கும் பல்கலைக் கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற வேண்டும். அப்படிப்பில் இடம் கிடைப்பதற்கே கடும் போட்டி. ஆறு வயது, ஏழு வயதுக் குழந்தைக்குக் கூட்டல் கற்பிப்பவர் முதுகலைப் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று ஒரு நாடு முடிவு செய்தது என்றால், அடித்தளத்திற்கு அது தந்த மதிப்பை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாற்காலி

2004 இல் கானெர்வா 21 வயதுக்கு உட்பட்டோர் அணியின் பொறுப்பை ஏற்றார். ஐந்து ஆண்டுகள் இளைஞர்களோடு உழைத்தார். பயனாக, 2009 இல் ஸ்வீடனில் நடந்த அவ்வயதினருக்கான ஐரோப்பியப் போட்டிக்குப் பின்லாந்து முதன்முறையாகத் தகுதி பெற்றது. அங்கு இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய மூன்று நாடுகளோடும் ஆடி மூன்றிலும் தோற்றது. இதைப் படித்ததும் 'இதற்குத்தானா இவ்வளவு?' என்று தோன்றலாம். இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் பெனால்டியைக் கோலாக்கிய டிம் ஸ்பார்வ் என்ற இளைஞரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவரை மீண்டும் சந்திப்போம். விதைத்தவுடனே மண்ணைக் கிளறிப் பார்ப்பவன் உழவன் அல்லன்.

அதன்பின் முதன்மை அணியில் உதவிப் பயிற்சியாளர் வேலை. 2011 இல் தலைமைப் பதவி காலியானபோது தற்காலிகப் பொறுப்பு. புதியவர் வந்ததும் மீண்டும் பழைய இடம். 2015 இல் மிக்ஸு பாதெலாய்னென் நீக்கப்பட்டபோது மறுபடியும் தற்காலிகப் பொறுப்பு. அந்த முறை நான்கு ஆட்டங்கள்: கிரீஸ் நாட்டை அதன் மண்ணிலேயே 1-0 என்று வென்றார்கள்; பரோ தீவுகளை 1-0 என்று வென்றார்கள்; ருமேனியாவோடும் வட அயர்லாந்தோடும் 1-1 என்று சமன் செய்தார்கள். நான்கில் ஒன்றும் தோல்வியில்லை. ஆயினும் 2016 பிறந்ததும் தலைமை நாற்காலி ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ் பாக்கெ என்பவருக்குச் சென்றது. அந்த ஆண்டு முழுவதிலும் பின்லாந்து ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. ஆண்டு முடியும் முன்பே பாக்கெ அனுப்பப்பட்டார். 2016 டிசம்பரில், தம் 52 ஆம் வயதில், கானெர்வா நிலையான தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி நான் சிறிது பேச வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர் உண்டு. எங்களை ஊரில் பார்ப்பவர்கள் "என்ன படிக்கிறாய்?" என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. "படித்து முடித்து என்ன ஆவாய்?" என்பதே அடுத்த கேள்வி. இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே அதற்கு ஆயத்த விடை வைத்திருக்க வேண்டும். "பி.எட். முடித்து ஆசிரியர் ஆவேன்" என்றால், "அவ்வளவுதானா? இதற்கா உன் அப்பா இவ்வளவு கடன் வாங்கினார்?" என்று முகம் சுருங்கும். அவர்களை நான் குறை கூறவில்லை. வறுமையில் காத்திருப்பவருக்குக் காலம் என்பது வட்டி போல ஏறிக்கொண்டே போகும். ஆனால் நம் வகுப்பு நண்பர்களே அதே பாட்டைப் பாடுவதுதான் எனக்கு வியப்பு. பின்னக் கணக்கை மூன்றாம் முறையும் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்த யாரோ ஓர் ஆசிரியர் இல்லாவிட்டால் நம்மில் எத்தனை பேர் இந்த வகுப்பில் உட்கார்ந்திருப்போம்? அந்த மூன்றாம் முறையின் மதிப்பை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டுவதில்லை.

கானெர்வாவின் பன்னிரண்டு ஆண்டுகளும் அத்தகைய 'மூன்றாம் முறை' ஆண்டுகளே. பார்வைக்கு அவர் முன்னேறவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களை அவர் உள்ளும் புறமும் அறிந்துகொண்டார்.

பாடம் தொடங்கியது

அவர் ஏற்றுக்கொண்ட அணி உலகத் தர வரிசையில் 2017 இல் நூறாவது இடத்திற்கும் கீழே இறங்கியிருந்தது. 2017 செப்டம்பரில் ஐஸ்லாந்தை 1-0 என்று வென்றார்கள். அக்டோபரில் குரோவேஷிய மண்ணில் ஆட்டம். ஒரு கோல் பின்தங்கிய நிலையில், நாட்டு அணிக்காக அன்றுதான் முதன்முதலாக ஆடும் பிரி சொய்ரி என்ற இளைஞரைக் கானெர்வா களத்தில் இறக்கினார். 90 ஆம் நிமிடத்தில் அந்தப் புதியவரே சமன் கோலை அடித்தார். அந்த அதிர்ச்சியில் குரோவேஷியா தன் பயிற்சியாளரை மாற்றியது. புதிதாக வந்த ஸ்லாட்கோ டாலிச் அந்த அணியை 2018 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை கொண்டு சென்றார்.

2018 இலையுதிர் காலத்தில் நேஷன்ஸ் லீக் என்னும் புதிய போட்டி தொடங்கியது. ஹங்கேரி, கிரீஸ், எஸ்தோனியா ஆகியவற்றோடு ஒரே பிரிவில் பின்லாந்து இருந்தது. முதல் நான்கு ஆட்டங்களின் முடிவுகள் இவை: 1-0, 1-0, 1-0, 2-0. நான்கு வெற்றி; தம் வலையில் ஒரு கோலும் விழவில்லை. அடித்தவையோ மொத்தம் ஐந்தே. கணித மாணவனாகிய எனக்கு இந்த எண்கள் மிகவும் பிடித்திருக்கின்றன. ஐந்து கோல்களைச் சிக்கனமாகச் செலவிட்டு நான்கு வெற்றிகளை வாங்கிய குடும்பக் கணக்கு இது. கடைசி இரண்டு ஆட்டங்களில் தோற்றும் பிரிவில் முதலிடம் பெற்றனர்.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. பந்து நம்மிடம் இல்லாதபோது யார் எங்கே நிற்பது, இருவருக்கிடையே எவ்வளவு இடைவெளி, எதிரியை எந்தப் பக்கம் ஓட விடுவது, பந்து கிடைத்ததும் முதலில் யாரைப் பார்ப்பது என்பன போன்ற பாடங்கள். பதினொருவரும் ஒப்பித்து, எழுதி, மீண்டும் ஒப்பித்த பாடங்கள். கோலருகே லூக்காஸ் ஹ்ராடெக்கி, நடுவில் ஸ்பார்வ், முன்னால் டீமு புக்கி. ஹ்ராடெக்கி பிறந்தது பிராட்டிஸ்லாவாவில். குழந்தைப் பருவத்தில் பின்லாந்துக்கு வந்தவர். ஸ்பார்வின் தாய்மொழி ஸ்வீடிஷ். சொய்ரியின் தந்தை நமீபிய நாட்டவர். நம் வகுப்புகளைப் போலவே பல வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அமர்ந்த வகுப்பு அது.

நவம்பர் 15

2020 ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் இத்தாலி, கிரீஸ், போஸ்னியா, ஆர்மீனியா, லீக்டென்ஸ்டைன் ஆகியவை உடன் இருந்தன. முதல் ஆட்டத்திலேயே இத்தாலியிடம் 0-2 என்று தோல்வி. பிறகு தொடர்ந்து நான்கு வெற்றிகள், நான்கிலும் எதிரிக்கு ஒரு கோலும் இல்லை. மீண்டும் இத்தாலியிடம் தோல்வி. போஸ்னியாவில் 1-4 என்று பெருந்தோல்வி. பழைய பின்லாந்தாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். மூன்றே நாளில் ஆர்மீனியாவை 3-0 என்று வென்றார்கள்.

2019 நவம்பர் 15 அன்று ஹெல்சிங்கியில் லீக்டென்ஸ்டைனோடு ஆட்டம். நகரின் பெரிய ஒலிம்பிக் அரங்கம் அப்போது புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஆகவே அதன் அருகிலிருந்த சிறிய மைதானத்தில், ஏறக்குறைய பத்தாயிரம் பேர் முன்னிலையில் ஆடினார்கள். யாஸ்ஸே டுவோமினென் ஒன்று, புக்கி இரண்டு என மூன்று கோல்கள். ஆட்டம் முடிந்ததும் மக்கள் வெள்ளம் மைதானத்திற்குள் பாய்ந்தது. 1937 முதல் காத்திருந்த நாடு அன்று பெருமூச்சு விட்டது. பத்து ஆட்டங்களில் ஆறு வெற்றி, நான்கு தோல்வி, 18 புள்ளிகள், இத்தாலிக்கு அடுத்த இடம். அடித்த 16 கோல்களில் பத்து புக்கியுடையவை.

அடுத்த ஆண்டு நவம்பரில், 2018 இன் உலகச் சாம்பியனான பிரான்சை அதன் பெரிய அரங்கிலேயே நட்பு ஆட்டத்தில் 2-0 என்று வென்று, தகுதி பெற்றது தற்செயல் அன்று என்பதையும் காட்டினார்கள்.

கோபன்ஹேகன் மாலை

தொற்று நோயால் ஓராண்டு தள்ளிப்போன அப்போட்டியில், 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கோடு பின்லாந்தின் முதல் ஆட்டம். முதற்பாதி முடியும் தறுவாயில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் இடிக்காமலே தரையில் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. மருத்துவர்கள் அங்கேயே உயிர் காக்கப் போராடினர். டென்மார்க் ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றி அரணாக நின்றனர். அவரை வெளியே கொண்டு சென்றபோது மறைப்பாகப் பிடிக்கப்பட்ட துணிகளில் பின்லாந்துக் கொடியும் இருந்தது. அவர் நினைவு திரும்பியது என்ற செய்தி வந்தபின், பின்லாந்து ரசிகர்கள் ஒருபுறம் "கிறிஸ்டியன்" என்று முழங்க, டென்மார்க் ரசிகர்கள் மறுபுறம் "எரிக்சன்" என்று பதில் முழங்கினர்.

அன்றிரவே ஆட்டம் தொடர்ந்தது. 60 ஆம் நிமிடத்தில் யோயெல் போஹ்யன்பாலோ தலையால் முட்டிக் கோலடித்தார். நாட்டின் ஆடவர் அணி பெரும் போட்டியில் அடித்த முதற்கோல்! ஆனால் அவர் துள்ளவில்லை. ஓடிவந்த தோழர்களையும் கையமர்த்தினார். பின்னர் டென்மார்க்கிற்குக் கிடைத்த பெனால்டியை ஹ்ராடெக்கி தடுத்தார். ஆட்டம் 1-0. அந்த மாலையில் பின்லாந்து கோலை நோக்கி அடித்தது அந்த ஒரே முறைதான். டென்மார்க்கோ இருபது முறைக்கு மேல்.

மனம் உடைந்த எதிரியை வென்றது ஒரு வெற்றியா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆட்டம் அன்றே தொடர்ந்திருக்கக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் அதை முடிவு செய்தது பின்லாந்து அன்று. விளையாட்டில் பலர் வெல்லத் தெரிந்தவர்கள். வென்ற பின் எப்படி நிற்பது என்று தெரிந்தவர் சிலரே. அந்தச் சிறுபொழுதில் கையை உயர்த்தித் தோழரை அடக்கிய இளைஞர், நல்ல அணியில் வளர்ந்தவர் என்பதை உலகம் கண்டது. அணித்தலைவர் யார் தெரியுமா? 2009 இல் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற அந்த இளைஞர் அணியின் டிம் ஸ்பார்வ்.

பின்னர் ரஷ்யாவிடம் 0-1, பெல்ஜியத்திடம் 0-2 என்று தோற்று, பிரிவில் மூன்றாம் இடத்தோடு ஊர் திரும்பினார்கள்.

மறுப்போர் கூற்று

இக்கட்டுரையைப் படிப்போர் சில மறுப்புகளை எழுப்பக் கூடும். முதலாவது, ஐரோப்பியக் கோப்பையில் ஆடும் அணிகள் 2016 முதல் பதினாறிலிருந்து 24 ஆக உயர்ந்தன. வாசலை அகலமாக்கியதால்தான் பின்லாந்து நுழைந்தது என்பது. இதில் உண்மை உண்டு. பழைய முறையில் இரண்டாம் இடம் பெற்றவர்கள் பெரும்பாலும் இன்னொரு சுற்று ஆட வேண்டியிருந்தது. ஆனால் 2016 இலும் அதே அகலமான வாசல்தான் இருந்தது. அன்று பின்லாந்து நுழையவில்லையே! கதவு அகலமானாலும் நடந்து செல்ல வேண்டியவன் காலூன்றி நடக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, புக்கி என்ற ஒருவரே பத்து கோல் அடித்தார். பயிற்சியாளருக்கு ஏன் புகழ் என்பது. லிட்மனென் இருந்தபோது கிடைக்காதது புக்கி இருந்தபோது கிடைத்தது என்றால், இவ்விருவரையும் தவிர மாறியது எது என்று அவர்களே சொல்லட்டும். அடிப்பவனுக்குப் பந்து வந்து சேரும்படி மற்றப் பத்துப் பேரை நிறுத்துவதுதானே கற்பித்தல்?

மூன்றாவது மறுப்பு வலுவானது. கானெர்வாவின் கடைசி ஆண்டுகள் நன்றாக இல்லை. 2022 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உக்ரைனைவிட ஒரே ஒரு புள்ளி குறைந்து மூன்றாம் இடம். 2024 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மீண்டும் மூன்றாம் இடம். கூடுதலாகக் கிடைத்த வாய்ப்பிலும் 2024 மார்ச்சில் வேல்ஸ் நாட்டிடம் 1-4 என்று தோல்வி. அவ்வாண்டு நேஷன்ஸ் லீகில் இங்கிலாந்து, கிரீஸ், அயர்லாந்து ஆகியவற்றோடு ஆடிய ஆறு ஆட்டங்களும் தோல்வி. அதோடு அவர் விலகினார். 2025 தொடக்கத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் பிரீஸ் அவ்விடத்திற்கு வந்தார்.

அவர் ஓரிரு ஆண்டுகள் முன்னரே விடைபெற்றிருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். மணி அடித்த பின்னும் பாடம் நடத்தினால் நல்ல ஆசிரியரின் வகுப்பிலும் மாணவர் நெளியத்தான் செய்வர். தம் மாணவர்கள் மூத்து விலகும்போது புதிய வகுப்பை அதே வேகத்தில் உருவாக்க அவரால் இயலவில்லை. இதை மறைத்துப் புகழ்பாடினால் அது கட்டுரை ஆகாது, வாழ்த்து மடலாகிவிடும்.

அதே பதினெட்டு

ஆனால் நண்பர்களே, ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். 2019 இல் கானெர்வாவின் அணி பத்து ஆட்டங்களில் ஆறு வென்று, நான்கு தோற்று, 18 புள்ளிகள் பெற்றது. இரண்டாம் இடம், நாடே தெருவில் ஆடியது. 2023 இல், அடுத்த ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில், அதே அணி பத்து ஆட்டங்களில் ஆறு வென்று, நான்கு தோற்று, அதே 18 புள்ளிகள் பெற்றது. டென்மார்க்கும் ஸ்லோவேனியாவும் ஆளுக்கு 22 புள்ளிகள் பெற்றுவிட்டதால் மூன்றாம் இடம், ஏமாற்றம்.

விடைத்தாள் ஒன்றுதான், மதிப்பெண்ணும் ஒன்றுதான். ஒருமுறை வெற்றி வீரர், மறுமுறை தோற்றவர்! உடன் எழுதியவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து நம் பெயர் மாறுகிறது. தர வரிசையையே தகுதி என்று நம்பி, பட்டியலில் மேலே உள்ளவனை வணங்கி, கீழே உள்ளவனை ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றி இருக்கிறது. பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடம் குறைவாகவும் ஆள் அதிகமாகவும் இருக்கும்போது பட்டியல் தேவைதான். ஆனால் அந்தப் பதினெட்டுக்குப் பின்னால் இருந்த உழைப்பு இரு முறையும் ஒன்றே என்பதைப் பட்டியல் சொல்லாது. அதை அறிந்து சொல்ல வேண்டியவர் நாம்.

நாம் கொள்ள வேண்டியது

கானெர்வாவின் வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு செய்திகள்.

ஒன்று, நம் கல்லூரி அணிகளைப் பற்றியது. நன்றாக ஆடும் ஓரிருவரை மட்டும் தேடிப் பிடித்துக் கோப்பை வாங்க நினைக்கும் போக்கு விடப்பட வேண்டும். சுமாராக ஆடும் முப்பது பேருக்கு ஆண்டு முழுவதும் முறையாகக் கற்பிக்க ஒருவர் கிடைத்தால், அவர்களுள் பதினொருவர் தாமே எழுவர். இது கால்பந்துக்கு மட்டும் பொருந்துவதன்று. ஆய்வுக் கூடத்திற்கும் பொருந்தும். நூலக மேசைக்கும் பொருந்தும். முதல் வகுப்பில் தேறக் கூடியவனைத் தட்டிக் கொடுப்பதோடு, தேர்ச்சி பெறத் தவிப்பவனுக்கு மாலையில் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்க மூத்த மாணவர்களாகிய நாமே முன்வரலாம். அதற்கு எந்த ஆணையும் தேவையில்லை.

மற்றொன்று, ஆசிரியராக விரும்பும் நண்பர்களுக்கு. "கடைசியில் வாத்தியார்தானா?" என்று யாரேனும் கேட்டால் தலை குனியாதீர்கள். வானளாவிய ஆற்றல் கொண்ட ஆட்டக்காரர்கள் ஆடியும் திறவாத கதவை, தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்திய ஒருவர் திறந்தார் என்று சொல்லுங்கள். அவர் பெயர் என்ன என்று கேட்டால், அதையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள்: மார்க்கு கானெர்வா. ஒருமுறை சொல்லிக் காதில் விழாவிட்டால் மூன்றாம் முறையும் சொல்லுங்கள். ஆசிரியருக்கு அது பழக்கந்தானே!